பதின்மூன்று நோன்பும் ஒரு டின் தண்ணீரும்

786

மயிலாப்பூர், கச்சேரி ரோடு
ஷஃபான் பிறை 7 (15-6-1948)

அன்பு மகன் ஷாஹுல் ஹமீதுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல ரஹ்மான் கிருபையால் அத்தாவும் நானும் ஷாகிராவும் சுகம். தூத்துக்குடியில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்திக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதில் போடச் சுணங்கியதற்குக் கோபித்துக்கொள்ளாதே, காரணம் கீழே வருகிறது. உன் தங்கை ஷாகிரா தலைப்பிரசவத்துக்கு வந்துவிட்டாள், ஏழாம் மாதம் நடக்கிறது, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி புளிப்பாக எதைக் கண்டாலும் விடுவதில்லை. பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி போட்ட ஆவக்காயில் பாதி ஜாடி இவள் வயிற்றில்தான் இருக்கிறது.

சீமைக்குத் திரும்பிய உன் வெள்ளைக்காரத் துரை தன் சின்னப் பாய்ப்படகை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று படித்ததும் அத்தா கடையில் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அதை நீ ஒருத்தனாகவே பாய் விரித்து, பாம்பன் சுற்றி, நாகப்பட்டினம் கடலூரெல்லாம் தொட்டு, இருபது நாளில் சாந்தோம் கரைக்கு ஓட்டிக்கொண்டு வரப்போகிறாய் என்ற வரி வந்ததும் கடிதத்தை மடித்து என் மடியில் போட்டுவிட்டார். பக்கிங்ஹாம் கால்வாய்ல காலை நனைக்கப் பயந்தவன், இவன் கடல்ல வர்றானாம் கடல்ல என்றார். நான்கு மாதமாகப் படகோட்டி இசக்கிமுத்துவிடம் பாய் ஏற்றவும் இறக்கவும் படித்திருக்கிறானே என்று நான் உனக்காகப் பேசினேன். நாலு மாசத்துல என் கடையில ஒருத்தனுக்கு நேர்த்தையல் வராது என்று சொன்னவர்தான், அதற்கப்புறம் உன் பேச்சை எடுத்தால் தையல் மிஷினை வேகமாக மிதிக்கிறார், நான் பேசுவது எனக்கே காதில் விழுவதில்லை. நான் உன்னைப் போகாதே என்று எழுதப்போவதில்லை மகனே. இரண்டு நாள் அப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் உன் கடிதத்தில் அந்தப் படகைப் பற்றி எழுதின இடத்தில் எழுத்தெல்லாம் குதித்துக்கொண்டு ஓடுகிறது, சின்ன வயசில் நீ பள்ளிக்கூடம் விட்டு வருவதுபோல. அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மீன்காரி வேலம்மாவிடம் விசாரித்தேன். அவள் புருஷன் முருகையன் முப்பது வருஷமாக சாந்தோம் குப்பத்திலிருந்து கட்டுமரம் தள்ளுகிறவன். இந்த ஆனி ஆடியில் விடியற்காலை கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடிக்குமாம், பகல் திரும்பினால்தான் கடற்காற்று வந்து கரைப்பக்கம் தள்ளுமாம். காலைக் காத்த நம்பி ரொம்ப தூரம் போவ வாணாம்னு தம்பிக்கு எழுதும்மா, பனமரம் கண்ணுக்குத் தெரியணும், அதுக்கு அப்பால போனா அல்லாசாமியே வந்தாலும் கரைக்கு இட்டாற மாட்டாரு என்றாள். தவ்பா தவ்பா, அப்படிச் சொல்லாதேடி என்று வாயைப் பொத்தினேன், ஆனாலும் பனைமரச் சங்கதியை நீ மறக்காதே. தூங்கும்போது இடுப்பில் கயிறு கட்டிப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள். துரை எழுதிக்கொடுத்த காகிதத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி வை, காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர்கள் கேட்பார்களாம். நாகூரில் கரையேறி தர்காவில் ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போ, அங்கே அடங்கியிருக்கிற பெரியவர் பேரைத்தான் உனக்கு வைத்திருக்கிறோம்.

இனி நான் சுணங்கிய காரணம். நீ எடுத்துப் போகும் சாமான்களின் பட்டியல் எழுதியிருந்தாயே, அதை எழுத்துக் கூட்டி நாலு தடவை படித்தேன். கயிறு, ஊசி, விளக்கு, திசைகாட்டி எல்லாம் சரி. அவல் இவ்வளவு, பேரீச்சம்பழம் இவ்வளவு, கருவாடு இவ்வளவு, தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு மண்ணெண்ணெய் டின். அடுப்படியில் முப்பது வருஷமாக அளந்து போடுகிற கை இது, எதையும் நாளால் பங்கு போட்டுப் பார்க்காமல் விடாது. போட்டுப் பார்த்தேன். ஜூலை முதல் தேதி கிளம்பி இருபதாம் தேதி வருகிறாய், ரமலான் எட்டாம் தேதிவாக்கில் பிறக்கும், அன்று முதல் பதின்மூன்று நாள். அந்தப் பதின்மூன்று நாளுக்கும் நீ போட்டிருக்கிற தீனி இரண்டு வேளைக்குத்தான். விடியுமுன் ஒன்று, பொழுது சாய்ந்தபின் ஒன்று. பகலுக்கு ஒரு வாய் அவல்கூட இல்லை. தண்ணீரும் அந்தக் கணக்குத்தான். நீ எனக்குச் சொல்லாமல் கடலில் நோன்பு பிடிக்கப் போகிறாய். மற்ற தாய்மார் இதற்குச் சந்தோஷப்படுவார்கள். நான் கணக்குத் தப்பாக இருக்கக் கூடாதா என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

வெறும் வாயால் சொன்னால் நீ கேட்கமாட்டாய், ஆகையால் சோதித்துப் பார்த்தேன். நம் வீட்டு டின் பத்துப் படி பிடிக்கிறது. அதை நிரப்பி வைத்துக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து மாலை அஸர் பாங்கு சொல்லும்வரை கிணற்றடி வெயிலில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன், குடித்ததையெல்லாம் படியால் அளந்து நோட்டில் எழுதினேன். ஜெயலக்ஷ்மி மதில்மேல் எட்டிப் பார்த்து, இன்னாக்கா, வத்தல் காயுதா நீ காயறியா என்று கேட்டாள். மூன்று நாள் காய்ந்தேன். ராத்திரி குடித்ததையும் சேர்த்து நாளுக்கு இரண்டரைப் படி ஆகிறது. சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கே டின் நாலு நாளில் காலியாகிறது மகனே, நீ எட்டு நாள் போட்டிருக்கிறாய். நீயோ கயிறு இழுக்கவேண்டும், உப்புக் காற்றில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கக்கூடப் பக்கத்தில் ஆள் கிடையாது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் வீட்டுக்காரி சகினாவிடம் சொல்லி அவரைக் கேட்கச் சொன்னேன். பிரயாணிக்கு நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் எண்ணி முடிக்க அல்லாஹ்வே இடம் கொடுத்திருக்கிறான், கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல உன் பிள்ளை யாரு என்று கேட்டாராம். ஹஜ்ரத் அப்படிக் கோபமாகப் பேசுகிறவர் அல்ல, சகினாதான் கொஞ்சம் காரம் சேர்த்திருப்பாள், ஆனாலும் விஷயம் அதுதான்.

இப்போது எழுதுவதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை. போன வாரம் ஷாகிராவும் இந்த வயிற்றோடு முப்பதையும் பிடிப்பேன் என்று பிடிவாதம் பண்ணினாள், அவளிடம் சொல்ல வேண்டி வந்தது, அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிவிடுகிறேன். உனக்கு மூத்ததாக ஒன்று இருந்தது. எனக்குப் பதினேழு வயசு, கத்திரி வெயிலில் ரமலான் வந்தது, ஏழாம் மாதம். விட்டுவிடு, பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று மாமியார் எத்தனையோ சொன்னார். விட்ட நோன்பு கழுத்தில் கடனாகத் தொங்கும் என்று எனக்கு ஒரு வீம்பு. இருபத்தொன்றாவது நோன்பன்று அஸர் தொழுகைக்கு ஒளூச் செய்யத் தண்ணீர் இறைக்கப்போய்க் கிணற்றடியில் விழுந்தேன். பிள்ளை நோன்பால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன், அல்லாஹ் அறிவான். இன்றைக்கும் அந்தக் கிணற்றடியில் நான் நின்றால் வாளியை அத்தாதான் வாங்கிக்கொள்கிறார். இரண்டு வருஷம் கழித்து உன்னைச் சுமந்தபோது முப்பதையும் விட்டேன். பகலில் தம்ளரை எடுக்கக் கூசும், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இது பிள்ளைக்கு, இது பிள்ளைக்கு என்று சொல்லிக்கொண்டே குடிப்பேன். நீ பால் மறந்தபின் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் களா பிடித்தேன், பிடித்த ஒவ்வொன்றுக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு அடித்தேன். முப்பது கோடும் இன்னும் இருக்கின்றன, வா, காட்டுகிறேன். அவ்வளவு கணக்காக நடந்ததில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, நீ கிடைத்தாய்.

அதே பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நேற்று உன் பேரை எழுதி ஒன்று முதல் பதின்மூன்று வரை இலக்கம் போட்டு வைத்திருக்கிறேன். கடலில் ஒரு நோன்புகூட வேண்டாம். பகலில் தாகத்துக்குக் காத்திராமல் குடி, மத்தியானம் ஒரு கை அவல் தின்னு, யாரும் பார்க்கவில்லையே என்று கூசாதே, அனுமதி கொடுத்தவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். டின் இரண்டாக வைத்துக்கொள், ஊருக்கு ஊர் நிரப்பு. பெருநாள் கழித்து நீ இங்கேயே களா பிடி, நீ பிடிக்கிற ஒவ்வொரு நாளும் உன்னோடு நானும் பிடிப்பேன், விடியுமுன் ஸஹருக்கு எழுப்ப நான் இருக்கிறேன், உனக்குப் பிடித்த கஞ்சி நோன்பு திறக்க இருக்கும். கோடுகளை மட்டும் நீ உன் கையால் அடிக்கவேண்டும். அதற்காகவாவது வந்து சேர். ஷாகிரா உன்னைவிடச் சமர்த்து, நான் சொன்னதற்கு ஒத்துக்கொண்டாள், அவள் பேருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று.

கிளம்புமுன் வேறொன்றும் எழுதாவிட்டாலும் பகலில் குடிப்பேன் என்று ஒரு கார்டு போடு. கரையேறுகிற ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு கார்டு. அல்லாஹ் உன் பாயில் நல்ல காற்றையும் உன் கண்ணில் பனைமரத்தையும் வைப்பானாக, நீண்ட ஆயுளோடு இந்த வாசலில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்துவானாக. ஆமீன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அமீனா பீ

இதை ஒட்ட எடுத்தபோது அத்தா வாங்கிப் படித்தார். கிணறு எழுதியிருக்கிற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார், கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கடைக்குப் போய், மூர் மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த பட்டாளத்துக் கூடாரத் துணியில் இரட்டைத் தையல் போட்டு ஒரு தண்ணீர்ப் பை தைத்துக்கொண்டு வந்தார். நிரப்பி ஒரு பகல் முழுக்கக் கிணற்றுத் தூணில் தொங்கவிட்டோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை, மூன்று படி பிடிக்கிறது. தனிப் பார்சலில் வருகிறது. அதன் வாயோரத்தில் சிவப்பு நூலால் அவர் என்னவோ தைத்திருந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 'பகலுக்கு' என்று இருக்கிறது.