கல் இல்லாத பெயர்

1738, நவம்பர் 14

பன்றி அறுத்தோம். கொழுப்பு குறைவுதான். அப்பா கணப்பருகே உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் வேலை ஏவினார். கெசியாவுக்கு எட்டாம் மாதம், குனிய முடியவில்லை, ஆனாலும் உப்புத் தொட்டியை விட்டு நகரவில்லை. கை கழுவும்போது மெல்லச் சொன்னாள்: இந்தத் தடவையும் பையன் என்றால் அந்தப் பெயர் வேண்டாம். சரி என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னேன்.

நவம்பர் 19, ஓய்வுநாள்

இரண்டு பிரசங்கத்துக்கும் நடுவே கல்லறைப் பக்கம் போனோம். எங்கள் பையன்கள் இருவரும் அருகருகே கிடக்கிறார்கள். 'ஒபதியா ஹாஸ்கெட்' என்று ஒரு சின்னக் கல். 'ஒபதியா ஹாஸ்கெட்' என்று இன்னொரு சின்னக் கல். முதலாமவன் பால் மறக்கும் முன்பே போய்விட்டான். அடுத்தவனுக்கும் அதே பெயரை வைத்தோம். இங்கே எல்லாரும் செய்வதுதான். அவனைத் தொண்டை நோய் கொண்டுபோயிற்று.

கப்பலில் வந்து இந்த உப்பங்கழியோரம் முதல் வேலி போட்ட தாத்தா ஒபதியா. அப்பா ஒபதியா. கடலோடு போன அண்ணன் ஒபதியா. நான் வெறும் ஜாபேஸ். பெயரைச் சுமக்க இனி என் பிள்ளையை விட்டால் ஆள் இல்லை.

கெசியா ஒரு பெயர் பார்த்து வைத்திருக்கிறாள். ஆமோஸ். ஏன் அது என்றேன். "இங்க எந்தக் கல்லுலயும் அந்தப் பேர் இல்லங்க. ஒவ்வொண்ணா பாத்துட்டேன்" என்றாள்.

டிசம்பர் 20

பையன். இருவரும் நலம். அப்பா பெயரைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

டிசம்பர் 24, ஓய்வுநாள்

கெசியா படுக்கையில் இருந்ததால் குழந்தையை நான்தான் சபைக்கூடத்துக்குத் தூக்கிப் போனேன். ஞானஸ்நானக் கிண்ணத்துத் தண்ணீர் உறைந்திருந்தது. போதகர் விரலால் தட்டி உடைத்தார். பெயர் என்ன என்றார். முன்வரிசையில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. என் வாய் ஒபதியா என்றது.

நானா சொன்னேன்? நான்தான்.

அப்பா அழுதுவிட்டார். அண்ணனின் கப்பல் வராதபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டில் நான் ஆரம்பிக்குமுன் அவரே பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். கெசியா குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "மூணாவது சின்னக் கல்லுக்கும் சொல்லி வச்சிட்டீங்களா?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஐயோ, அந்த ஒரு நிமிஷம் அப்பா மூஞ்சியைப் பாக்காம நின்னிருக்கக் கூடாதா நான்.

1740, ஏப்ரல் 2

பையன் வீடெங்கும் நடக்கிறான். கெசியா அவனைப் பெயர் சொல்லி அழைத்து இன்னும் நான் கேட்கவில்லை. 'இவன்' என்கிறாள், 'வாடா' என்கிறாள். பேரைச் சொன்னா உன் பொண்டாட்டிக்கு வாய் வலிக்குமோ என்று அப்பா என்னைத்தான் கேட்கிறார். அவளைக் கேட்க அவருக்கும் தைரியமில்லை.

1742, அக்டோபர் 8

அப்பாவை அடக்கம் செய்தோம். கடைசிவரை பையனின் கையை விடவில்லை. நிம்மதியாகத்தான் போனார். இதற்காகத்தான் அன்று அப்படிச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கெசியாவிடம் சொல்லித் தப்ப முடியுமா?

1744, ஜூன் 3, ஓய்வுநாள்

பக்கத்து வீட்டு விதவை நடத்தும் பள்ளியில் பையன் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டுவிட்டான். பிரசங்க இடைவேளையில் புல்லில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். கல்லறைப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அப்பா, அங்க கல்லுல என் பேரு எழுதியிருக்கு. நான் எப்ப செத்தேன்?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பெரிய கற்கள் உன் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும், சின்னவை இரண்டும் உன் அண்ணன்மார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப என் பேரு எது?"

அவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். கெசியா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஜூன் 6

சாப்பிட மாட்டேன் என்கிறான். தன் தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்கிறான். நான் செய்த வேலை இது.

ஜூன் 9

சாயங்காலம் அரிவாள் தீட்டலாம் என்று கொட்டிலுக்குப் போனேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கெசியா பால் கறந்துகொண்டிருந்தாள். பையன் விசும்புவது கேட்டது.

"அழாதடா. அந்தக் கல்லெல்லாம் ஒபதியாவுக்கு. நீ ஆமோஸ். அது நம்ம ரெண்டு பேருக்கும் எப்பவோ தெரியுமே. ஆமோஸுக்குக் கல்லே கிடையாது."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அவரு அவங்க அப்பாவுக்காக வச்ச பேரைக் கூப்பிடுறாரு. கூப்பிட்டா மரியாதைக்குப் போய் நில்லு."

இத்தனை வருஷமா! என் வீட்டுல, எனக்குத் தெரியாம. ஒபதியா, ஒபதியான்னு நான் கத்தினப்பெல்லாம் மரியாதைக்குத்தான் வந்து நின்னானா? கோபம் பொங்கியது. யார்மேல் கோபப்படுவது? அரிவாளைத் தீட்டாமலே திரும்பி வந்தேன்.

ஜூன் 10

பையன் கூழ் குடித்தான்.

ஜூலை 2

போதகரைப் பார்த்துப் பெயரை மாற்ற வழியுண்டா என்று கேட்டேன். ஞானஸ்நானம் ஒரு தடவைதான் என்றார். தாத்தா பெயருக்கு என்ன குறைச்சல் என்றும் கேட்டார். சபைப் பதிவில் ஒபதியா என்றே கிடக்கும். பின்னாளில் எங்கள் வம்சத்தைத் தேடி யாராவது வந்தால், அந்த ஒபதியா என்ன ஆனான் என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பிய்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 21

உப்பங்கழியில் புல் அறுப்பு. கெசியாவும் வந்திருந்தாள். பையன் நண்டு பிடிக்கிறேன் என்று புல் போர்களுக்கு அப்பால் வெகுதூரம் போய்விட்டான். கடல் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஒபதியா என்று கத்த வாயெடுத்தேன். நிறுத்தினேன்.

ஆமோஸ் என்று கூப்பிட்டேன். பக்கத்தில் புல் வாரிக்கொண்டிருந்த கெசியாவின் கை அப்படியே நின்றது.

பையன் திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை. வரலாமா என்று அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

அப்புறம்தான் வந்தான்.