சுரைக்காய் என்றால் நிறுத்து

மயிலாப்பூர்,
புதன்கிழமை.

அன்புள்ள சிந்துவுக்கு,

தூபா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சௌக்கியம்னு வெச்சுக்கோ. அதுக்கப்புறம் எப்படின்னு தெரியாததாலதான் இந்தக் கடிதம்.

நாமக்கல் எப்படி இருக்கு? நீட் எழுதறதுக்குன்னு முட்டை ஊருக்குப் போயிருக்கே, டெஸ்ட்ல மட்டும் முட்டை வாங்கிடாதே. போனைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு, ஞாயிறு காலையில ஒரே ஒரு கால் பேச விடற ஹாஸ்டல்னு உங்க அப்பா சொன்னார். நேத்து அவரைக் கடையில பார்த்தேன். தீபாவளி ஆர்டருக்கு ஷாமியானா துணியெல்லாம் போயிடுச்சு. மிச்சமிருந்த மூங்கிலுக்கு நடுவுல உட்கார்ந்துகிட்டு, சிந்து நல்லா படிக்கிறாளாம்மான்னு என்கிட்டயே விசாரிச்சார். படிக்கிறா அங்கிள், சுவத்துல ஒட்டின நோட்டீஸைக்கூட விடறதில்லைன்னேன். மனுஷன் சிரிக்கல.

சரி, அயான் விஷயத்துக்கு வர்றேன். என் மாமா பையன்தான், ஆனா நான் சொன்னா அவன் காதுல ஏறாது. நீ சொன்னாத்தான் ஏறும்.

நாம மூணு பேரும் பிராங்க் வீடியோ எடுத்தப்போ, நீ ஒவ்வொண்ணுக்கும் உங்க அப்பா ஷாமியானாவுக்கு அடிக்கிற மாதிரி முளை அடிச்சுடுவே. யார்கிட்ட ஆரம்பிக்கணும், எதைச் சொன்னா நிறுத்தணும், எந்த வழியா வெளியே வரணும். இது மூணும் அசையக் கூடாது, நடுவுல துணி எப்படி வேணா ஆடட்டும்னு சொல்வே. முளை இருந்தாத்தான் மூளை ஆடும்னு நான் கிண்டல் பண்ணுவேன். ஆனா நிஜமும் அதுதான். எங்கே முடியும்னு தெரிஞ்சதாலதான் அயான் வாயில வந்ததையெல்லாம் பேசினான். லஸ் ஸ்டாப்ல ஒரு கண்டக்டரை, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளைன்னு அவன் வரவேற்க, அந்த மனுஷன் இறங்கி நின்னு சொஜ்ஜி எங்கேன்னு கேட்டாரே! அதை யாரு எழுதினது? துணி தானா ஆடினது.

போன வாரம் குளத்துப் பக்கம் ஷூட்டிங். காய்கறிப் பையோட போன ஒருத்தர்கிட்ட, ரொம்ப நாளா தேடின சித்தப்பா நீங்கதானேன்னு அயான் ஆரம்பிச்சான். அவர் முதல்ல சிரிச்சார். அப்புறம் பார்த்தா அவருக்கு நிஜமாவே ஒரு அண்ணன் இருந்திருக்கார், வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லையாம். அண்ணன் பையனாப்பா நீ, உங்கப்பா உயிரோட இருக்காராப்பான்னு அயான் சட்டையைப் பிடிச்சுக்கிட்டார். முகமெல்லாம் வெளுத்துடுச்சு. நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு அப்படியே பிளாட்பாரத்துல உட்கார்ந்துட்டார்.

நான் சுரைக்காய், சுரைக்காய்னு கத்தினேன். உலகத்துல யாரும் சுரைக்காயை ஆவேசமா கத்த மாட்டாங்கன்னு நீ தேர்ந்தெடுத்த வார்த்தைதானே. அயான் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் கேட்டுச்சு, சிந்து. கேட்டுட்டு, இவ என் தங்கச்சி சித்தப்பா, பசி வந்தா இப்படித்தான் காய் பேரைச் சொல்லிக் கத்துவான்னான். ஒரு அம்மா ஓடிவந்து என் கையில வாழைப்பழத்தைத் திணிச்சாங்க. நிறுத்தற வார்த்தையையே வசனமாக்கிட்டான்.

அந்தப் பெரியவரை ஆட்டோவில ஏத்தி அனுப்பினது நான்தான். அப்புறம் என்ன ஆனார்னு தெரியல. நம்ம சேனல்லயே அதிகம் ஓடற வீடியோ இப்போ அதுதான். அவர் நெஞ்சைப் பிடிக்கிற இடத்தை மட்டும் ஸ்லோமோஷன்ல வெச்சு பாட்டு போட்டிருக்கான்.

இனிமே முளையே வேண்டாமாம். திட்டம் போட்டா கலை செத்துடுமாம். சிந்து அங்கேயே இருந்து தையல் போடப் பழகட்டும், நான் கிழிக்கிறேன்னான்.

வர்ற ஞாயிறு சாயங்காலம் ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு, கூட்டத்துக்கு நடுவுல ரூஹியைத் தூக்கிட்டு ஓடப் போறான். அவன் கூடப்பிறந்த தங்கச்சின்னு உனக்கும் எனக்கும் தெரியும். தெருவுக்கு? ரூஹிகிட்டயும் சொல்லப் போறதில்லையாம். சொன்னா நடிச்சிடுவாளாம். பின்னாடியிருந்து தூக்கினா அழுகை தானா வரும், அதுதான் அசல்ங்கிறான். எப்படி நிறுத்துவேன்னு கேட்டேன். தோணும்னான்.

இங்கே பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் எல்லா குரூப்பிலயும் சுத்திக்கிட்டிருக்கு. ஆதம்பாக்கத்துல போர்வை விக்க வந்த ஒருத்தர் ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுத்திருக்கார். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அடி விழுந்துடுச்சு. இன்னும் கண் முழிக்கலையாம். இதைச் சொன்னா அயான் பயப்படுவான்னு நினைச்சேன். அவன் கண்ணு பளபளன்னு ஆச்சு. அப்போ ரியாக்ஷன் செமையா வரும்னான்.

பெரியவங்ககிட்ட சொல்லுன்னு சொல்வே. சொன்னேன். அயானோட அம்மா அமீனா மாமி, மொட்டை மாடித் தொட்டியில முதலை இருக்குன்னவதானே நீன்னு கேட்டுட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. எங்க அத்தா, பெத்த பொண்ணு என்னை விட்டுட்டு, கேமராவை எங்கேடி ஒளிச்சு வெச்சிருக்கேன்னு சுத்திச் சுத்திப் பார்த்தார். அவங்களுக்கு அயான், தங்கச்சியைக் கடைக்குக் கூட்டிட்டுப் போற தங்கமான அண்ணன். நான் குறுக்கே விழற பொறாமைக்காரி. நானும் அன்னிக்குப் போய் நிற்கத்தான் போறேன். ஆனா அந்தத் தெருவுல, அந்த இரைச்சல்ல, நான் கத்தினா யாருக்குக் கேட்கும்?

அதனால கேட்கிறேன். இந்த ஞாயிறு உனக்குக் கிடைக்கிற அந்த ஒரு போனை அம்மாவுக்குப் பண்ணாதே, அவங்ககிட்ட நான் நேர்ல போய்ச் சொல்லிக்கறேன். அயானுக்குப் பண்ணு. திட்டாதே, திட்டினா அதையும் ரெக்கார்டு பண்ணிடுவான். கடைசிக் காட்சி என்னன்னு மட்டும் கேளு. ரூஹியைக் கீழே இறக்கி விடறது யாரு, எந்த இடத்துல, அவளை எந்த வழியா வெளியே கொண்டு வர்றதுன்னு நீ எப்பவும் கேட்கிற மாதிரியே கேளு. அவன்கிட்ட பதில் இல்லைங்கிறது அவன் காதுலயே விழணும்.

ரூஹி இப்போ என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா. கடைக்குப் போறப்போ எந்தக் கவுன் போட்டுக்கட்டும்னு இதோட ஏழெட்டு தடவை கேட்டுட்டா. மஞ்சளைப் போட்டுக்கடின்னேன். ஏன்க்கான்னா. உனக்கு நல்லா இருக்கும்னு சொல்லிட்டேன். கூட்டத்துல தூரத்திலிருந்தே தெரியும்னு சொல்லல.

நான் துஆ செய்யறேன். நீ உன் சாமிகிட்ட சொல்லு. ஆனா முதல்ல போன் பண்ணு.

உன் அன்புத் தோழி,
தூபா