முழங்கால் உயரம்

2025 பெப்ரவரி 3, திங்கள்

நாளைக்கு சுதந்திர தினம், கடை பூட்டு. அதனால் இன்றைக்கே சனம். மருந்தடிக்கிற மெஷின், ஹோஸ், ஒரு தண்ணீர்த் தாங்கி, எல்லாம் போனது. வில் ஒன்றும் போனது.

தெல்தெனியப் பக்கம் வில் விற்கிற கடை என்னுடையது மட்டும்தான். போன வருஷக் கடைசியில் இரண்டு கிராமத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். தோட்டத்தில் இறங்குகிற பன்றியை அடிக்கலாம், ஆனால் வில்லால் மட்டும். துவக்கு கூடாது, சுருக்கு கூடாது. அனுமதி கேட்கிறவருக்கு முதலில் பரீட்சை. அறுபது அடி தள்ளிப் பலகைப் பன்றி நிற்கும். ஐந்து அம்பில் நான்கு பட வேண்டும். கடைக்குப் பின்னால் உள்ள பழைய கல்லுடைக்கிற பள்ளத்தில் நான்தான் பரீட்சை வைக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி. ஆபிசில் அப்படி ஏற்பாடு.

பக்கத்துச் செருப்புக் கடை ஃபாஸில் பின்னேரம் பிளேன்டீயோடு வந்து நின்றான். “ரவி மச்சான், நீ பன்டிய ஓட வைக்கிற, நான் மனிசன ஓட வைக்கிறன். ஓடாம நிக்கிறது நாம ரெண்டு பேரும்தான்” என்றான். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முன்பு இந்த மாதிரிப் பகிடிக்கு தம்பி சுரேஸ் பதில் சொல்லுவான். நான் கல்லாவில் இருப்பேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

பிரதேச செயலகத்தில் இருந்து போன். வில் அனுமதியை இன்னும் ஏழு கிராமங்களுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். 20ஆம் திகதி கூட்டம். வியாபாரி என்று கூப்பிடவில்லை. “உங்க தம்பிக்கு நடந்ததை நீங்க சொன்னா சனம் கேக்கும்” என்றார் அந்த அதிகாரி. சரி என்றேன்.

பெண்சாதி கலாராணியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே, “அங்கயாவது அழுதுருங்க” என்றாள். “போன ஆனியில இருந்து நீங்க ஒரு தடவ அழுகல. பாக்கிறவங்களுக்குப் பயமா இருக்கு.”

வரவில்லை. வராத அழுகையை எங்கே போய் வாங்குவது?

பெப்ரவரி 20, வியாழன்

கூட்டம். மண்டபம் நிறைய ஆள். நான் சிங்களத்தில் பேசினேன். பேசியது இவ்வளவுதான்.

என் தம்பி சுரேஸ் கந்தயாய கிராமத்தில் மூக்கையா என்பவருடைய போஞ்சித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஹோஸ் பொருத்தப் போனான். மூக்கையா பன்றிக்குத் துவக்குக் கட்டியிருந்தார். முளைக்குச்சியில் துவக்கு, பாதைக்குக் குறுக்கே கம்பி. கம்பியில் பட்டால் வெடிக்கும். பின்னேரம் கட்டுவதைக் காலையில் கழற்றிவிடுவது வழக்கம். தம்பி முதல் பஸ்ஸில் போய்விட்டான், அவர் கழற்ற முன்னமே. ஹோஸைப் பார்க்கக் குனிந்தபோது நெஞ்சில் பட்டது. கம்பிக்குக் கண் கிடையாது. வில் என்றால் பின்னால் ஒரு மனிதன் நிற்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கதிரையின் ஒரு கால் ஆடியது. அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருத்தர் எழுந்து, பன்றியோடு மரைமானையும் சேர்க்க வேண்டும் என்றார். மரை போஞ்சியைத் தின்கிறதாம். வனஜீவி அதிகாரி முகத்தைச் சுளித்தார். மரை காட்டு மிருகம், அதைத் தொடவே சட்டம் விடாது என்றார். “சட்டத்தைத்தானே மாத்தச் சொல்லி எழுதப் போறோம்” என்றார் இவர். கடைசியில் ஒரு குழு போட்டார்கள். தோட்டங்களைப் பார்த்துவிட்டுச் சிபாரிசு எழுத வேண்டும். அதில் நானும் ஒருத்தன்.

கந்தயாயவும் அந்த ஏழில் ஒன்று. கட்டுத்துவக்கு வழக்கு உள்ள ஆட்களுக்குத்தான் முதலில் வில்லாம். வில்லைக் கொடுத்தால் கம்பியை விடுவார்கள் என்பது கணக்கு. கணக்கு சரிதான். நானே அப்படித்தான் போட்டிருப்பேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

பலகை மரை ஐந்துக்கு பிலிமத்தலாவை மரக்கடையில் சொல்லிவைத்தேன். முந்திக்கொள்வதுதானே வியாபாரம்.

பெப்ரவரி 28, வெள்ளி

மழை. ஒன்றுமில்லை.

மார்ச் 6, வியாழன்

குழுவோடு கந்தயாய போனேன். தம்பி போன பிறகு இன்றைக்குத்தான் அந்த மேட்டில் ஏறுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வாங்கியது. வயசு.

மூக்கையா கும்பிட்டார். பிணையில் இருக்கிறார். அவருடைய மகள் லோஜினி எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். நாவலப்பிட்டியில் கட்டிக்கொடுத்த பிள்ளை, வழக்கு வந்ததில் இருந்து அப்பாவோடுதான் இருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினாள். சீனி கொஞ்சம் கூடுதல்.

பன்றி கிண்டிய இடங்களைக் காட்டினார்கள். மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். நான் ஓடைக்கரைப் பாதையில் நின்றேன். அந்த இடம் அதுதான். பொலிஸ் வந்த அன்றைக்கு மூக்கையா துவக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கட்டிய இடம் என்று தரையில் அடித்திருந்த ஒரு முளைக்குச்சியைக் காட்டினார். முழங்கால் உயரம். எழுதிக்கொண்டு போனார்கள்.

முளைக்குச்சி இன்னும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு சவுக்கு மரம். பட்டையில் இரண்டு சுற்றுக் கம்பி கடித்த தழும்பு. நான் கட்டுக்கம்பி விற்கிறவன். கயிறு அறுத்த தழும்புக்கும் கம்பி கடித்த தழும்புக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். பாதைக்கு அந்தப் பக்கம் மற்ற மரத்தில் ஒரு ஆணி, அதே மட்டத்தில். மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தேன்.

தழும்பு என் நெஞ்சுக்கு வந்தது.

நானும் தம்பியும் ஒரே உயரம்.

மூக்கையா மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எழுதிவைக்கிறேன், பிறகு குழம்பக் கூடாது.

பன்றிக்கு முழங்கால் உயரம். மரைக்கு நெஞ்சு உயரம். இந்தப் பக்கத்தில் துவக்குக் கட்டுகிற எவனுக்கும் இது தெரியும். பன்றி என்றால் பயிரைக் காக்க. மரை என்றால் இறைச்சிக்கு.

அப்படியென்றால் சுரேஸ் குனியவில்லை. நிமிர்ந்துதான் நடந்திருக்கிறான். அவன் குனிந்தான் என்று யார் முதலில் சொன்னது? மூக்கையா. நாங்கள் எல்லோரும் நம்பினோம் – ஹோஸ் பொருத்தப் போனவன் குனிந்திருப்பான்தானே. கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன்.

சந்திரிகாவும் அதைத்தான் நம்புகிறாள். தம்பி பெண்சாதி. ஏப்ரல் 2 வழக்கு. மூக்கையா குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறார், தண்டனை சொல்ல முன்னால் வீட்டு ஆளின் பேச்சையும் கேட்பார்களாம். “பயிரக் காப்பாத்தக் கட்டினது. அவங்களும் நம்மள மாதிரிச் சனம். ஜெயில் வேணாம்னு சொல்லப் போறேன் மச்சான்” என்று தைப்பொங்கல் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அந்த முடிவுக்கு வர அவள் பட்ட பாடு கலாராணிக்குத் தெரியும்.

இதைப் போய் நான் அவளிடம் எப்படிச் சொல்ல? சொல்லாமல் எப்படி இருக்க?

கோபம் வரும் என்று காத்திருந்தேன். மத்தியானம் பசிதான் வந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஊருக்கு அனுமதி வர முன்னமே மூக்கையா பரீட்சைக்கு வந்தார். வருவார் என்று நினைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். கோயிலுக்குப் போகிற மாதிரி.

பலகைப் பன்றியை வைத்தேன். ஐந்துக்கு ஐந்து. நல்ல கை. அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

“மொதலாளி, கையெழுத்து.”

“மூக்கையாண்ணே, அந்த சவுக்கு மரத்துல என்ன கட்டினீங்க?”

அம்புகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். முனைகளை ஒரே பக்கமாகத் திருப்பினார்.

“நீங்க மரத்துக்கிட்ட நிக்கும்போதே தெரிஞ்சிருச்சு.”

“நான் கேட்டது அது இல்லண்ணே.”

“மரைக்குத்தான். தெல்தெனியவுல ஒரு ஓட்டல்காரன் கேட்டிருந்தான். பன்னிக்குன்னு சொன்னா பொலிஸும் பாவம் பாப்பாங்க, ஊரும் பாவம் பாக்கும்.” ஒரு அம்பின் இறகைத் தடவினார். “தம்பி பாடிக்கிட்டு வந்துச்சு. சத்தம் கேட்டு நான் ஓடினேன். கத்தினேன். ஓடைத் தண்ணி எரைச்சல்.”

பாடிக்கொண்டு வந்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி. சுரேஸ் காலையில் பாடுகிற ஆள்தான். குரல் கேட்கச் சகிக்காது.

அவரை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வில் கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. தோன்றவில்லை. வில்லின் நாணுக்கு மெழுகு போட வேண்டும் என்று தோன்றியது.

“சந்திரிகாகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க. வழக்குக்கு முன்னால. அதுக்கப்புறம் கையெழுத்தப் பாப்போம்.”

“சொன்னா அந்தப் புள்ள என்னய உள்ள தள்ளிரும்.”

“தள்ளலாம்.”

“நீங்க சொல்ல மாட்டீங்களா?”

“மாட்டேன். நீங்க கட்டினது, நீங்கதான் கழட்டணும்.”

போய்விட்டார். வில்லுக்கு மெழுகு போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

சந்திரிகா வந்தாள். பையில் போஞ்சி. “மூக்கையாண்ணன் மக குடுத்துவிட்டுச்சு” என்றாள். நல்ல பிஞ்சு. கலாராணி வாங்கி உள்ளே கொண்டுபோனாள். மூக்கையா வந்தாரா என்று கேட்டேன். “அவரு எதுக்கு மச்சான் என் வீட்டுக்கு வரப்போறாரு?”

இன்னும் சொல்லவில்லை.

இரவு போஞ்சிப் பொரியல். இரண்டு தரம் போட்டுக்கொண்டேன். நான் என்ன மனிதன்?

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ஃபாஸில் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மச்சான், நீ கடையத் தொறக்கிற, பூட்டுற. இடையில நீ எங்க போற?” என்றான். இங்கேதான் என்றேன். “பொய்” என்றான்.

ஏப்ரல் 2, புதன்

விடிந்ததும் சந்திரிகாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோட்டுக்குப் போகிற வழியில் சொல்லிவிடுவது என்று முடிவு. மாட்டேன் என்று அவரிடம் சொன்னது வேறு. இவள் ஒன்றும் தெரியாமல் அங்கே ஏறி நின்று, அந்தப் பொய்க்காகக் கை கூப்பக் கூடாது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். வாய் திறந்தேன்.

“தெரியும் மச்சான்” என்றாள். “நேத்து பின்னேரம் வந்தாரு. மகளையும் கூட்டிக்கிட்டு. அது வாசல்லயே நின்னுச்சு. இவரு உள்ள வந்து உக்காரக்கூட இல்ல. எல்லாத்தயும் சொன்னாரு.”

“என்ன சொன்ன நீ?”

“என்ன பாட்டுப் பாடினாருன்னு கேட்டேன். ஞாபகமில்லன்னாரு. அதுக்குத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு.”

பிளேன்டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். பிறகு கோட்டில் கூப்பிட்டபோது எழுந்து போனாள். எனக்கும் தெரியாது என்ன சொல்லப் போகிறாள் என்று. நிமிர்ந்து நின்று சொன்னாள், சிங்களத்தில், வீட்டில் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த மாதிரி.

“அது பன்றிக்குக் கட்டினது இல்ல, மரைக்கு. அவரே என் வீட்டுக்கு வந்து சொன்னாரு. வந்து சொன்னாருங்கறதையும் எழுதிக்குங்க. எவ்வளவு தண்டனைங்கறது உங்க வேலை. கூடக் குடுங்கன்னும் கேக்க மாட்டேன், குறைங்கன்னும் கேக்க மாட்டேன்.”

மூக்கையாவிடம் உண்மையா என்று கேட்டார்கள். தலையை ஆட்டினார். ஒன்றரை வருஷம்.

வெளியே லோஜினி தனியாக நின்றாள். சந்திரிகா அவளைத் தாண்டிப் போனாள். பிறகு திரும்பி வந்து, “பஸ்ஸுக்குக் காசு இருக்கா?” என்று கேட்டாள். இருக்கு என்றாள் அவள்.

ஏப்ரல் 24, வியாழன்

குழுவின் கடைசிக் கூட்டம். ஏழு கிராமத்துக்கும் வில் அனுமதி என்பதற்கு எல்லோரும் சரி. மரை? என்னைப் பார்த்தார்கள். நான் ஆம் என்பேன் என்று நினைத்திருப்பார்கள், விற்கிறவன்தானே.

வேண்டாம் என்றேன். பன்றி தோட்டத்துக்குள் வரும், வரப்பில் நின்று அடிக்கலாம். மரைக்குக் காட்டுக்குள் போக வேண்டும். பிறகு எல்லாரும் பயிருக்காக என்றுதான் சொல்லுவார்கள். பயிருக்காக என்று சொன்னால் என்னென்ன மறையும் என்று நான் பார்த்துவிட்டேன்.

பன்றிக்கு மட்டும் என்று சிபாரிசு போகிறது.

பலகை மரை ஐந்தும் வந்து கடைக்குப் பின்னால் கிடக்கிறது. நட்டம் என்னுடையது. ஃபாஸில் செருப்புக் கடைக்குத் தட்டு அடிக்க இரண்டைக் கேட்டான். கொம்பு வந்த பக்கத்தை வெட்டிக் கொடுத்தேன்.

மே 19, திங்கள்

கந்தயாயவுக்கு அனுமதி வந்துவிட்டதாம். போனில் சொன்னார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

காலை லோஜினி வந்தாள், பரீட்சைக்கு. அப்பா இல்லாத தோட்டத்தில் பன்றி தினமும் இறங்குகிறது, பாதி வரப்புக் காணோம் என்றாள். நான் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று பயந்து வந்திருக்கிறாள், வில்லைத் தொடவே இல்லை. நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன்.

முதல் மூன்று அம்பும் பலகைக்கு மேலால் போய் மண்ணில் குத்தியது. பிடி சரி. பார்வைதான் மேலே.

“எவ்வளவு உயரத்துல பாக்கணும் மொதலாளி?”

சொல்லிப் புரியவைக்க முடியாது. சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சு இருக்கிற இடத்தில் கோடு போடக் குனிந்தேன். முழங்கால் உயரம். கோடு போட்டேன். அங்கிருந்து எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. சோக்கு கையிலேயே நொறுங்கிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. அந்தப் பிள்ளை வில்லைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய் வீட்டுக்குள் இருந்த கலாராணியைக் கூட்டிவந்திருக்கிறது. கலாராணி பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “திரும்ப அடிங்க” என்றேன்.

ஐந்தில் நான்கு. கையெழுத்துப் போட்டேன்.