ஞாயிற்றுக்கிழமை மழை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் சுகத்தில் சேர மாட்டேன் என்று தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வாயாடியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், வழக்கம்போல "நல்லா இருக்கோம்ப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய், இந்தத் தடவை அது செல்லாது. எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. மாடிக்குக் குடிவந்த டைலர் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் நிறுத்த மறந்துபோகிறார், அம்மாவுக்கும் அவருக்கும் தினமும் பஞ்சாயத்து. அதெல்லாம் கிடக்கட்டும், போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவரைப் பேட்டி எடுத்து வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாமே, நம் வாயாடி உன்னையே பிடித்து உட்கார வைத்து நாற்பத்திரண்டு நிமிஷம் குடைந்திருக்கிறாள். டீச்சருக்குக் கொடுத்ததோடு நிற்காமல், தாத்தாவும் பாட்டியும் கேட்கட்டும் என்று உனக்குத் தெரியாமல் அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்பிவிட்டாள். பெற்ற மகளைத் திட்டாதே, அவளால்தான் நான் பெற்ற மகளை எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் போனை நடுவே வைத்து நானும் அம்மாவும் இதுவரை ஐந்து தடவை கேட்டுவிட்டோம். நீ போன புதிதில் பெரிய ஹோட்டலில் ஆபீஸ் வேலை என்றாய், நானும் அச்சகத்தில் எல்லோரிடமும் சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஹோட்டல் நிஜம்தான், ஆனால் நீ இருந்தது தரைக்குக் கீழே, சலவை அறையில், எட்டு மெஷினுக்கு நடுவில், காலை ஐந்து மணியிலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வருஷம். ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் உள்ளங்கை சிவந்துவிட்டது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வருவாயே, அந்தக் கையா இது. துணிகளில் தைத்திருக்கும் துண்டுச்சீட்டைப் படித்தே அந்த ஊர் எழுத்தைக் கற்றாயாம், சௌக்கியமா என்று கேட்கத் தெரிவதற்கு முன்பே "முறுக்கிப் பிழியாதே" என்று சொல்லத் தெரியுமாம். அப்படித் தொடங்கியவள் அதே எழுத்தில் இருக்கும் புத்தகங்களை ஊராருக்கு எடுத்துக் கொடுக்கும் நூலக வேலைக்குப் போனாய் என்றால், எனக்குப் புல்லரிக்கிறது. இவளை நாம்தான் பெற்றோமா என்று அம்மா என்னையே கேட்கிறாள்.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ கூப்பிடுவாய், பின்னால் சோவென்று ஒரு சத்தம் கேட்கும், என்னம்மா அது என்றால் மழைப்பா என்பாய். ஞாயிறு தவறாமல் மழை பெய்கிற ஊர் என்று நான் ஊரெல்லாம் சொல்ல, அங்கே மழைக்கும் வாராவாரம் டியூட்டியா என்று அச்சகத்து பைண்டர் கிண்டல் செய்தார். நீ நனையக்கூடாதே என்று பெரிய கருப்புக் குடை வாங்கி, அந்தப் பக்கம் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். தொழிலாளிகள் பேச இருந்த ஒரே போன் சலவை அறைச் சுவரில் என்பது இப்போதுதான் தெரிகிறது. முப்பத்தோரு வருஷம் அச்சு மெஷினோடு கிடந்தவன் நான், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்த உருளை எண்ணெய் கேட்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதில் உன் மெஷின் மழையாக விழுந்திருக்கிறது. குடையை என்ன பண்ணினே என்று வாயாடி கேட்கிறாள், நீ சிரித்துக்கொண்டே, "தங்குற ரூமும் கீழதான், மேல போற குழாய் கட்டில்லயே சொட்டும், தலைமாட்டுல குடைய விரிச்சுக் கட்டிட்டு அதுக்குக் கீழ தூங்குவேன்" என்கிறாய். அம்மா அந்த இடத்தில் போனை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

அப்புறம் அவள் கேட்டாள் பார், ஏன் திரும்பிப் போகவில்லை என்று. அதற்கு நீ, "போனா ஜெயிச்சிட்டுத்தான் வரணும், தோத்துட்டு இந்தப் படி ஏறாதேன்னு தாத்தா சொல்லி அனுப்பினாரு" என்றாய். கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அதைச் சொன்னதையே மறந்துவிட்டேன் குட்டிம்மா. நீ கிளம்பிய அன்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தைரியம் சொல்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே வாயைத் திறந்தது நுணல், கெட்டது நீ.

இப்போது ஒன்று கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, மழைப்பா என்றாய். மழை ஒரு பக்கம் சுற்றி, நின்று, மூச்சு வாங்கி, மறுபக்கம் சுற்றாது. இந்தத் தடவை என் காது சரியாகத்தான் கேட்டது. வீட்டு மெஷின் என்றால் மெஷின் என்றே சொல்லியிருப்பாய். மூன்று வாரமாக நீ நூலகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று அம்மா வேறு சொல்கிறாள். அந்த வேலை போய்விட்டதா, திரும்பவும் சலவைக்குப் போகிறாயா? போனால் என்ன, அதில் ஒரு குறைச்சலும் இல்லை, அந்த வேலை செய்த பெண்ணின் அப்பன் நான் என்று இப்போதுதான் நிஜமாக மீசையை முறுக்குகிறேன். எங்களிடம் மறைக்காதே, அவ்வளவுதான். அன்று சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், தோற்றாலும் வா, சும்மா வரத் தோன்றினாலும் வா, இது உன் வீட்டுப் படி.

கைக்கு எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. பாரம் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு, பேப்பர் கட்டு தூக்கியவன் சொல்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், வாயாடிக்கு ஆயிரம் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டும் என்று நாங்கள் நினைக்காத வேளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே, சத்தமாக இருக்கிறது என்று சீக்கிரம் வைத்துவிடாதே. மெஷின் ஓடட்டும், அது நிற்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா