முதுகுக்குப் பின்னால் ஒரு திருகு

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அண்ணியின் கால் வலி எப்படி இருக்கிறது? போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. என் போனை இவர் தினமும் எடுத்துப் பார்க்கிறார். பதிலை நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கே போடு.

போன மாதம் இவரிடம், பிரிந்துவிடலாம் என்று சொன்னேன். கோபமே படவில்லை. "ஒரு டூர் போயிட்டு வந்து பேசலாம்" என்றார். எங்கேயோ நடுக்கடலில் இருக்கும் தீவுகள். தீவு தீவாகப் படகில் சுற்றி, கடலுக்கு அடியில் இறங்குவதாகத் திட்டம். அதற்காக நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கிறோம். முதுகில் கட்டும் காற்று சிலிண்டரின் திருகு சட்டென்று நம் கைக்கு எட்டாது. கூட இறங்குகிறவர்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீருக்குள் இவர் அதை மூடிவிட்டார். மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், காற்று வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணா. பிறகுதான் திறந்தார். மேலே வந்ததும், "சும்மா வெளையாட்டுக்கு. பயம் போகணும்ல?" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இவரிடம் மட்டும் கேட்டுவிடாதே.

அன்புடன்,
உன் தங்கை

மார்ச் 9

என் பயந்தாங்கொள்ளித் தங்கைக்கு,

அண்ணிக்குக் கால் தேவலை. கடைத்தெருவுக்குக்கூடக் கூட்டிப் போகாத மனுஷன் என்று என்னைத் திட்டுகிறாள். உன் வீட்டுக்காரர் தீவுக்கே கூட்டிப் போகிறார், கொடுத்து வைத்தவள் நீ!

மனசு கேட்காமல் அவருக்குப் போன் போட்டேன். "என்ன மச்சான், என் தங்கச்சிய மூச்சு முட்ட வைக்கிறீங்களாமே?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். தங்கமான மனுஷன். பிரிவு அது இது என்று உளறாமல் போய் மீன்களைப் பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 14

அண்ணாவுக்கு,

நீ பேசிய அன்று இவர் என்னைத் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். பயணத்தை இந்த வாரத்துக்கே மாற்றினார். கூட வருவதாக இருந்த பயிற்சியாளரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நாம ரெண்டு பேர் போதும். அண்ணன்கிட்ட சொல்ற அளவுக்கு இருக்கே உன் பயம், அத நானே போக்குறேன்" என்றார்.

இன்று கடைக்குப் போவது போலக் கிளம்பி வந்துவிட்டேன். மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவையே பார்க்கிறேன்.

அவர் உன்னிடம் வருவார். அழுவார். நீ நம்பிவிடுவாய், உனக்கு இளகின மனசு. அதனால்தான் அண்ணா, இந்தக் கடிதத்தில் என் முகவரி இல்லை.

உன் தங்கை