வேலம்பாளையத்து இடது கை

ஜனவரி 19, ஞாயிறு

காலையிலிருந்து ஹார்ப் வாசித்து ரெக்கார்டு பண்ணுவதும் அழிப்பதுமாகவே போயிற்று. முதல் தடவை கட்டை விரல் கம்பியில் உரசி 'ஜ்ஜ்' என்றது. அடுத்ததில் உரசல் இல்லை, ஆனால் பாதியில் விரல் ஓட்டம் பிடித்துவிட்டது. அதற்கடுத்தது நன்றாக வந்துகொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பவுண்டில் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகூட வேலம்பாளையத்தில் ஒருத்தருக்கும் லீவு கிடையாது.

ஹார்ப், நம் யாழ் மாதிரி, வாங்கியது தீபாவளி போனஸில். பெங்களூரில் ஒருவர் வெளிநாடு போகிறேன் என்று விற்றார். சின்னதுதான். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி ஒன்றில் கட்டிங் வேஸ்ட் துணியை இறுக்கி அடைத்து, அதன்மேல் நிறுத்தித் தோளில் சாய்த்து வாசிக்கிறேன். என் வீட்டுக்காரர், மதுமதி அப்பா, அன்றிலிருந்து ஒரே கேள்விதான் கேட்கிறார்: "பாவு ஓட்டியாச்சு. எப்ப புள்ள சேல அறுப்ப?" அவர் அப்பா காலம் வரை அந்த வீட்டில் தறி. இவர் லேபிள் யூனிட் வைத்திருக்கிறார், நக்கல் மட்டும் தறிக்காரர் நக்கல். ஹார்ப் கம்பி அவருக்குத் தறியில் ஓட்டிய பாவு நூல், நெய்து முடித்து அறுத்தால்தான் சேலை.

ஏன் ஹார்ப் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. போன வருஷம் எங்கள் பனியன் கம்பெனிக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த வெள்ளைக்கார அம்மாவின் போனில் ரிங்டோனாக வந்தது. அளவு டேப்பைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவுதான். மகள் மதுமதி டிசைன் படிக்கக் கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்னால். அலமாரியைத் துடைக்கிறேன், துடைத்த அலமாரியையே மறுபடி துடைக்கிறேன்.

சாயங்காலம் வீடியோவில் குரூப். 'ஸ்லோ ஹேண்ட்ஸ்' என்று பேர். எல்லாரும் என்னைப் போல வயசான பிறகு ஹார்ப்பைத் தொட்டவர்கள். கனடாவில் ஒருவர், ஜப்பானில் ஒருவர், எங்கெங்கேயோ. சொல்லித் தருகிற ஃபியோனா ஸ்காட்லாந்து. யார் எதை வாசித்துப் போட்டாலும் "லவ்லி" என்பார்கள். பாதியில் கம்பி அறுந்தால்கூட லவ்லி. ஃபைனல் செக்கிங் இன்சார்ஜாக இருந்து இத்தனை வருஷத்தில் நான் ஒரு பீஸுக்குக்கூட லவ்லி எழுதினதில்லை.

ஆனால் வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்குத்தானே காத்திருக்கிறேன்? அங்கே நான் யாருக்கும் மேடம் இல்லை, யாருக்கும் அம்மா இல்லை. "ஜெயா, நீ வாசித்து நாங்கள் இன்னும் கேட்கவில்லையே, அவசரமில்லை" என்று இன்றும் ஃபியோனா சிரித்தார். அந்த ஒரு மணி நேரமும் கையைவிட்டுப் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

ஜனவரி 21, செவ்வாய்

மதுமதிக்குப் போன் பண்ணினேன். "க்ளாஸ்ல இருக்கேம்மா." இந்த நேரத்தில் அவளுக்கு க்ளாஸ் கிடையாது. டைம்டேபிள் என் போனிலேயே இருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

ஆரோக்கியராஜோடு சண்டை. லைன் சூப்பர்வைசர், சிவகங்கைப் பக்கம். அவன் லைனில் வந்த டி-ஷர்ட்டில் கை நீளம் ஒரு பக்கம் அரை சென்டி கூட. எல்லாவற்றுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினேன்.

"டாலரன்ஸுக்குள்ளதானக்கா இருக்கு?" என்றான்.

"கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"பையரே அரை சென்டி விட்டுக் குடுக்குறான். நீங்க குடுக்க மாட்டேங்கிறீகளே."

சரக்கு வாங்குகிற பையர் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கொடுப்பான். ரிஜெக்ட் ஆனால் பதில் சொல்வது நான். எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வைத்தேன். வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. ஹார்ப்பைத் தொட்டால் சுருதி இறங்கிக் கிடக்கிறது. முறுக்கி ஏற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி இறங்கியிருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

குரூப்பில் டோரீன் அம்மா ஒரு வீடியோ போட்டிருந்தார். வேல்ஸ் நாட்டுக்காரர், எழுபது வயசு இருக்கும். ஒரு பழைய தாலாட்டு. கீழே, "தயவுசெய்து ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

எல்லாரும் வழக்கம்போல லவ்லி. எனக்குப் பொறுக்கவில்லை. ஒளிக்காமல் சொல் என்று ஒரு மனுஷி கேட்கிறார், ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அது மரியாதையா? நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க கம்பெனி கமென்ட் ஷீட்டில் கற்றது. அந்த மாதிரியே வரிசையாகப் போட்டேன்:

வலது கை — ஓகே.
இடது கை — அன்ஈவன். பல இடத்தில் மிஸ்ஸிங்.
முடிவு — ஓப்பன். முடியாமல் நிற்கிறது.
ரிசல்ட் — நாட் ஓகே. ரீவொர்க் செய்து மறுபடி அனுப்பவும்.

குரூப்பில் நான் போட்ட முதல் பெரிய மெசேஜ் இதுதான். அனுப்பியதும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

டோரீன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததாம். இரண்டு வருஷம் முன்னால். இடது பக்கம்.

ஃபியோனா தனியாக எழுதியிருந்தார். "உனக்குத் தெரிந்திருக்காது, ஜெயா. அந்தக் கை மறுபடி அசைய வேண்டும் என்றுதான் அவர் ஹார்ப்புக்கே வந்தார்." குரூப்பில் எல்லாருக்கும் தெரியும். நான் பாதியில் சேர்ந்தவள், பழைய மெசேஜ் எதையும் படிக்கவில்லை.

அய்யோ. என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன். வெளங்காத கைய எழுப்பி எழுப்பி அந்தம்மா வாசிச்சிருக்குது — நான் ரீவொர்க்கு பண்ணி அனுப்புங்கறேன். எங்கிட்ட யாரு கேட்டாங்க? ஆமா, அவங்கதான் கேட்டாங்க. அதுக்குன்னு?

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்கும் எனக்கு இங்கிலீஷ் பத்தவில்லை. 'சாரி. மிஸ்டேக் ஃப்ரம் மை சைடு.' சரக்கு லேட்டானால் பையருக்கு எழுதுகிற அதே வரி.

பிப்ரவரி 5, புதன்

டோரீன் அம்மா பதில்: "அந்த வீடியோவுக்காக மூன்று மாதம் உழைத்தேன். நீ இதுவரை எங்களுக்கு ஒரு சுரம்கூட வாசித்துக் காட்டியதில்லை."

உண்மை. ஒரு வார்த்தை மறுக்க முடியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

குரூப்புக்குப் போகவில்லை. ஹார்ப்பின் மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிட்டேன். அந்த நேரத்தில் பருப்பு டப்பா எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

சிவன்மலைக்குப் போனோம். கூட்டத்தில் முருகனை எட்டித்தான் பார்க்க முடிந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது மதுமதியே கூப்பிட்டாள். மனசு தாங்காமல் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். சமாதானம் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் நீ இப்படித்தாம்மா அனுப்புவ," என்றாள்.

"என்ன கண்ணு சொல்ற?"

"டிசைன் வரைஞ்சு அனுப்பினா, கழுத்து சரியில்ல, கை சரியில்ல. ஒரு தடவையாவது நல்லாருக்குன்னு சொன்னியா? அதான் அனுப்பறதே இல்ல."

அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் உறுத்துகிறது. நான் கண்டிப்போடு இல்லாவிட்டால் இவள் எப்படித் தேறுவாள் என்று நினைத்தேனே தவிர — அவள் அனுப்புவதை நிறுத்தி இத்தனை மாதம் ஆனதைக்கூட நான் கவனிக்கவில்லை. அரை சென்டி தெரிகிற கண்ணுக்கு இது தெரியவில்லை.

வண்டியில் வரும்போது இவரிடம் கேட்டேன். "ஏனுங்க, நான் அப்படியா?"

"ரோட்டப் பாத்து ஓட்ட உடு புள்ள," என்றார். அதுவே பதில்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெட்ஷீட்டை எடுத்தேன். டோரீன் அம்மா வாசித்த அதே தாலாட்டு. ஒரே தடவை ரெக்கார்டு பண்ணுவது, அழிப்பதில்லை என்று முருகன் படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். உரசல் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் விரல் வழி தெரியாமல் நின்றே போயிற்று. பக்கத்து மெஷின் சத்தமும் கேட்டது. அப்படியே குரூப்பில் போட்டேன். 'டோரீன் மேடம், ப்ளீஸ் செக் மீ' என்று கீழே எழுதினேன்.

போட்ட பிறகு போனை வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். துணியைக் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிற டெய்லருக்கு இப்படித்தான் இருக்குமா?

பிப்ரவரி 17, திங்கள்

எல்லாரும் லவ்லி. ஜப்பான்காரர் பூப்படம் அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை அது கசக்கவில்லை. அவர்கள் குறை தெரியாமல் சொல்வதில்லை, தெரிந்தே சொல்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

டோரீன் அம்மாவிடமிருந்து ஒன்றுமில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வந்துவிட்டது! லஞ்ச் நேரத்தில், கேன்டீனில். அதே என்னுடைய பாணியில், வரிசை போட்டு:

தோள் — காது வரை ஏறி நிற்கிறது. பார்க்கவே வேண்டாம், வாசிப்பிலேயே கேட்கிறது.
வலது கை — பஸ்ஸுக்கு ஓடுகிறது.
இடது கை — நல்ல கை. எனக்குப் பொறாமை.
ரிசல்ட் — ரீவொர்க்.

ஒவ்வொன்றும் நிஜம். கேன்டீனில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஆரோக்கியராஜ், "என்னக்கா, லாட்டுச் சரக்கெல்லாம் பாஸா?" என்றான். இல்லை, ஃபெயில் என்றேன். அவன் முழித்தான்.

மார்ச் 2, ஞாயிறு

மூன்று ஞாயிறு போகாமல் இருந்துவிட்டுக் குரூப்பில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கையை ஆட்டினார்கள். டோரீன் அம்மா மட்டும் ஆட்டவில்லை. கடைசியில் எல்லாரும் போன பிறகு அவரும் நானும் ஃபியோனாவும்தான்.

"உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்," என்றார் டோரீன் அம்மா. "ஆனால் ஒரு விஷயம். பக்கவாதம் வந்த பிறகு யாரும் என்னிடம் உண்மை பேசுவதில்லை. டாக்டர்கூட. உன்னுடையது மட்டமான உண்மை. ஆனாலும் உண்மை."

நான் இயர்போனைச் சரிசெய்துகொண்டேன்.

பிறகு அவர் கேட்டார்: ஏப்ரலில் குரூப்பின் ஆன்லைன் கச்சேரி வருகிறது. என்னிடம் ஒரு வலது கை இருக்கிறது. உன்னிடம் ஒரு இடது கை. ஒரு பாட்டுக்கு அது போதாதா?

மார்ச் 9, ஞாயிறு

அவர் வலது கையை வாசித்து அனுப்பிவிட்டார். நான் இயர்போனில் கேட்டுக்கொண்டே இடது கையைச் சேர்க்க வேண்டும். சுலபம் என்று நினைத்தேன். அவர் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரு இடத்தில் மூச்சு வாங்குகிறார், ஒரு இடத்தில் யோசிக்கிறார். நான் முன்னால் போய் விழுகிறேன். ஆத்திரமாக வருகிறது. அவர் சரியாக வாசித்தால்தானே — நிறுத்து. அவர் நிற்கிற இடத்தில் நீ நிற்க வேண்டும். அதுதான் வேலை.

மார்ச் 13, வியாழன்

ஷிப்மென்ட். ஹார்ப் பக்கமே போகவில்லை. விரல் மட்டும் இன்ஸ்பெக்ஷன் டேபிளில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

டோரீன் அம்மாவோடு வீடியோவில் அரை மணி. உன் வேலை என்ன என்று கேட்டார். அளவு, ஸ்டிக்கர், எல்லாம் சொன்னேன். டாலரன்ஸ் என்றால் என்ன என்றார். எந்தத் துணியும் சொன்ன அளவுக்கு அச்சாக வராது, துணி இழுபடும், அதனால் இவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம் என்று பையரே எழுதித் தருவான் என்றேன்.

"நல்ல வார்த்தை. நீ அதை உபயோகிக்கிறாயா?"

நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

ஆரோக்கியராஜ் லைனில் பாட்டம், கீழ் மடிப்பு, அரை சென்டி கூட. டேப்பை வைத்துப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். பாஸ் போட்டேன். அவன் பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "உடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?" என்றான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கச்சேரி முடிந்தது. எங்கள் தாலாட்டு நடுவில் வந்தது. ஃபியோனா இரண்டு ரெக்கார்டிங்கையும் சேர்த்துத் தந்திருந்தார். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு ஆள் வாசிக்கிற மாதிரிதான் இருக்கிறது. இவர் பின்னால் நின்று கேட்டார். "சேல அறுத்தாச்சு போல," என்றார். அதற்கு மேல் நக்கல் வரவில்லை.

கடைசியில் என் விரல் நீலக் கம்பியில் விழாமல் பக்கத்துக் கம்பியில் விழுந்திருக்கிறது. முந்தாநாளே கண்டுபிடித்து, வேறு எடுத்துத் தருகிறேன் என்று டோரீன் அம்மாவிடம் கெஞ்சியிருந்தேன். ஒரு வரிதான் வந்தது: "டாலரன்ஸுக்குள் இருக்கிறது. பாஸ்."

லிங்க்கில் கேட்டுவிட்டு மதுமதி மெசேஜ் போட்டாள். "கடைசில தப்பு பண்ணினியாம்மா? அழகா இருந்துச்சு." கூடவே ஒரு படம். அவள் வரைந்த சட்டை டிசைன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கை வலது கையைவிட நீளம். கண்ணில் பட்டது பட்டதுதான், அதற்கு என்ன செய்ய. விரல் டைப் அடித்தேவிட்டது. அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"நல்லாருக்குது சாமி. எப்பத் தைக்கப் போற?"

அவ்வளவுதான், பேச ஆரம்பித்தாள். துணி என்ன, கலர் என்ன, எந்தக் கடையில் பட்டன் கிடைக்கும், எல்லாம். கை நீளத்தை அவளே சொன்னாள், வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறாளாம். நான் ம், ம் என்றேன்.

பேசி முடிப்பதற்குள் சாதம் குழைந்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நானும்.