கண்ணீர் நாவலுக்கு என் பத்து நிமிடம்

செப். 14, ஞாயிறு

காலையில் மதகில் தண்ணீர் மூணே கால் அடி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. ஆகாயத்தாமரை மறுபடி ஷட்டரில் வந்து அடைந்துவிட்டது. நானும் கூட வேலை பார்க்கிற தனபாலும் கம்பு போட்டுத் தள்ளினோம். இடுப்பு வலி.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ரெகுலேட்டரில் லஸ்கர் வேலை. தண்ணி திறப்பேன், மூடுவேன், அளவு எழுதுவேன். நடுவில் படிப்பேன்.

இந்த மாசம் முடித்தவை:

– லாட்ஜ் கொலை. கொலைகாரன் யாரென்று நூறாம் பக்கத்திலேயே தெரிந்துபோனது. எல்லாருக்கும் டீ வாங்கித் தருகிற ஆள். கொலைக் கதையில் எவனும் சும்மா டீ வாங்கித் தரமாட்டான்.

– சென்னை போஸ்ட்மார்ட்டம் டாக்டரம்மா கதை. விறுவிறு. ஆனால் கடைசியில் வில்லன் பதினாலு பக்கம் தன் சின்ன வயசுக் கதை சொல்கிறான். போலீஸும் நின்று கேட்கிறது!

– நம்ம பக்கத்துக் கொலை. புதுசாக எழுத வந்த பெண். பண்ணைக் கணக்குப்பிள்ளை வாய்க்காலில் செத்துக் கிடக்கிறார். பிரமாதம். ஒரே குறை: கொலைகாரன் ஒத்தை ஆளாக ரெண்டே நிமிஷத்தில் ஷட்டரைத் தூக்கிவிடுகிறான். நேரில் வந்து தூக்கிப் பார்க்கச் சொல்லணும்.

மதியம் நூலகர் கவிதா போன். அடுத்த ஞாயிறு மயிலாடுதுறையில் வாசகர் கூட்டம். எல்லாரும் அழுது அழுது படிக்கிற அந்த விவசாயக் கூலிக் குடும்பத்து நாவல் இருக்கிறதே, அதை எழுதியவரே வருகிறார். பேச இருந்த டீச்சருக்குக் காய்ச்சல்.

"அண்ணே, நீங்க பேசுங்க. பத்தே நிமிஷம்."

"நான் பத்தாவதும்மா."

"எங்க லைப்ரரியில உங்க அளவுக்கு யாரும் புக் எடுத்ததில்ல. பேர் குடுத்துட்டேன்."

குடுத்துவிட்டாராம்.

செப். 16, செவ்வாய்

புழுக்கம். தண்ணீர் மூணு அடி.

அழுகை நாவல் ரெண்டாம் முறை. நல்ல எழுத்துதான், மறுக்கவில்லை. நாற்றுக்கட்டு தலையில் சொட்டும்போது கழுத்துப்பக்கம் சில்லென்று இறங்குமே, அதை எழுதியிருக்கிறார். சேற்றுப்புண் எழுதியிருக்கிறார். தெரிந்த ஆள்.

ஆனால் அந்த அப்பா. முதல் பக்கத்தில் துண்டைக் கக்கத்தில் வைக்கிறவர் கடைசிப் பக்கம்வரை எடுக்கவில்லை. பேசினால் அழுகை, பேசாவிட்டாலும் அழுகை.

எங்கப்பா மாணிக்கமும் பண்ணையாள்தான். பண்ணை வீட்டுப் பொடியன் ஒருத்தன், ஏழு வயசு, "டேய், இங்க வாடா" என்றானாம். இவர் போய்க் குனிந்து, "தம்பி, எம் பேரு மாணிக்கம். டேய்ங்கிறவரு இன்னைக்கு லீவு" என்றாராம். அந்தப் பையன் உள்ளே ஓடி, "டேய் லீவாம்மா" என்று சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினார். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அப்பாவுக்கு வேலை இல்லை. அது வேறு. ஆனால் அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு இந்த நாவலில் எங்கே?

கணக்குப்பிள்ளை கொலை நாவலில் இருக்கிறது. நடவுக்காரம்மாவை இன்ஸ்பெக்டர் விசாரிக்கிற இடம். அந்தம்மா கேலி பேசியே அவனைச் சுற்றவிடுகிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. கொலைக் கதையில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை உருக்கக் கதையில் கிடைக்கவில்லை.

இதைத்தான் பேசப்போகிறேன். பேச்சைத் தாளில் எழுதியும் வைத்துவிட்டேன்.

செப். 18, வியாழன்

தனபாலிடம் சொன்னது தப்பு.

"பெரிய மனுசன்யா அவரு. மூஞ்சிக்கு நேரா குறை சொல்லுவியா? பாராட்டிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு வா."

என் வீட்டுக்காரி மல்லிகாவிடம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மூணு நாளாக அதே நாவலைத்தான் படித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"நான் அழுதேங்க. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கிற இடத்துல. என்னையும் எட்டாவதோட நிறுத்தினாங்க. அழுதது தப்பா?"

"தப்புன்னு சொல்லல."

"நீங்க பேசுறது அப்படித்தான் இருக்கு."

சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மொச்சைக் குழம்பு. ருசி தெரியவில்லை.

யோசித்தேன். அவள் சொல்வது நியாயம். அழுவது தப்பில்லை, அழுகை மட்டும்தான் என்பதுதான் தப்பு. முதல் பாதியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

செப். 20, சனி

மூணு மணிக்கு நல்ல மழை. நாற்று விட்டவர்களுக்குச் சந்தோஷம். தண்ணீர் மூணரை.

மதகு மேல் நின்று ஆற்றைப் பார்த்துப் பேசிப் பழகினேன். எட்டு நிமிஷம். ரெண்டு தடவை குரல் உடைந்தது. வாய்க்கால் வரப்பில் போன ஆட்டுக்காரம்மா நின்று பார்த்துவிட்டு, "யாருட்ட சண்டை?" என்றாள்.

எடுத்துவைத்தது: வெள்ளைச் சட்டை, குறிப்புத் தாள், கண்ணாடி, ரெண்டு புத்தகம்.

மல்லிகா சட்டையைத் திரும்பத் தேய்த்து வைத்தாள்.

செப். 21, ஞாயிறு

முழுசாக எழுதிவிடணும், மறப்பதற்குள்.

குத்தாலத்தில் பஸ் ஏறும்போது மல்லிகாவும் ஏறினாள். "கோயிலுக்கு" என்றாள். கோயில் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அறுபது, எழுபது பேர். எழுத்தாளர் ஒல்லி. அரைக்கைச் சட்டை, சாதாரணச் செருப்பு. ஜிப்பாவில் வருவார் என்று நினைத்திருந்தேன்.

முன்னால் பேசிய மூணு பேரும் கண்ணீர், கண்ணீர், கண்ணீர். ஒரு ரிட்டயர்டு பேராசிரியர், "கொலை நாவல்கள் பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடும், இதுதான் நிற்கும்" என்றார். கைதட்டல். அடுத்து என் பெயர்.

மைக் உயரம் சரியில்லை. தாளைப் பார்த்தேன், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி பைக்குள் இருந்திருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது. தாளை மடித்துவிட்டுப் பேசினேன்.

"என் மனைவி இந்த நாவலைப் படிச்சு அழுதாங்க. அது உண்மையான அழுகை. அதுக்கு முதல்ல நன்றி" என்று ஆரம்பித்தேன். பின்னால் பார்க்கவில்லை. அப்புறம் அப்பா கதை. "டேய் லீவாம்மா" என்றதும் கூட்டம் சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். "இப்ப நீங்க சிரிச்சீங்களே, இது இந்த நாவல்ல இல்ல. எங்களுக்கு நடந்த கொடுமையெல்லாம் இருக்கு. அதைத் தாங்கிக்கிட்ட விதம் இல்ல. அது ஒரு கொலை நாவல்ல இருக்கு." நடவுக்காரம்மா பக்கத்தை எடுத்துக் காட்டினேன். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எங்களை அழவச்சீங்க, சிரிக்க விடல."

யாரும் கைதட்டவில்லை. பேராசிரியர் கூரையைப் பார்த்தார்.

எழுத்தாளர் எழுந்து மைக்கிடம் வந்தார்.

"எங்கப்பாவும் பண்ணையாள்தான்" என்றார். "அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. பார்க்காததை எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. தப்பாகப் பேசிவிட்டேனோ. ஆனாலும் உட்காரவில்லை. "பார்த்தவங்க இருக்கோம்யா, கேளுங்க" என்றேன். அது நானாகச் சொன்னதில்லை, தானாக வந்தது.

அவர் கைதட்டினார். முதலில் அவர்தான். அப்புறம் எல்லாரும்.

டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவின் கதை இன்னும் மூணு சொன்னேன். சர்க்கஸ் பார்க்கப் போய்த் தானே யானைக்குப் பயந்து ஓடிய கதைக்கு டீ சிந்தச் சிரித்தார். போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் மல்லிகா ஜன்னல் ஓரம். ஆடுதுறை பஸ், நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொல்கிறாள்: "இவருதாங்க இன்னைக்கு மீட்டிங்ல பேசுனது." அந்தம்மாவுக்கு எந்த மீட்டிங் என்றே தெரியாது.

செப். 22, திங்கள்

தண்ணீர் மூணே முக்கால். கழுத்து வலி. வெள்ளைச் சட்டையில் டீக்கறை.

காலையில் இன்ஜினியர் வந்தார். "என்னப்பா, பெரிய பேச்சாளர் ஆயிட்டீங்களாமே." தனபால் வேலை. வியாழக்கிழமை குறை சொல்லாதே என்றவன் இன்றைக்கு ஊர் முழுக்க, "நான்தான் தைரியம் குடுத்தேன்" என்கிறான். போகட்டும்.

மல்லிகா கணக்குப்பிள்ளை கொலையை எடுத்துக்கொண்டு போனாள். "அந்த நடவுக்காரம்மா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். முதலிலிருந்து படி என்றேன்.

அப்பா உயிரோடு இருந்து அந்த அறுபது பேர் சிரித்ததைக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? நடித்துக் காட்ட மேடைக்கே ஏறியிருப்பார்.

செப். 25, வியாழன்

மேகமூட்டம். பழைய கிரீஸை வழித்துவிட்டு ஷட்டர் திருகுக்குப் புதுசு போட்டோம். கையெல்லாம் கறுப்பு. அந்த நேரம் பார்த்து எழுத்தாளர் போன். முழங்கையால் ஆன் செய்தேன்.

"அந்த 'டேய் லீவு' கதையை அடுத்த நாவல்ல சேர்த்துக்கலாமா? உங்கப்பா பேரோடவே. நன்றின்னு உங்க பேரும் போட்டுடுறேன்."

பெரிய விஷயம். சரி என்றுதான் சொல்ல நினைத்தேன். வாய் வேறு சொன்னது.

"வேணாங்கய்யா. அதை நானே எழுதுறேன்."



"எழுதுங்க" என்றார். "முதல்ல எனக்கு அனுப்பணும். குறை இருந்தா நானும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்."

சாயங்காலம் மல்லிகாவிடம் சொன்னேன். புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"எழுதுங்க. ஆனா மாமா சிரிச்சதை மட்டும் எழுதாதீங்க. நான் வந்த புதுசுல உப்பு கூடிப்போச்சுன்னு குழம்புச் சட்டியை வாசல்ல வீசுனாரே, அதையும் எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன்.